கோடு நகரும்போது யாருடைய வாக்கு செல்லும்? ஜார்ஜியாவின் 12ஆம் தொகுதி சொல்லும் பாடம்

2006 நவம்பரில் நடந்த அமெரிக்கத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி நாடெங்கும் வென்று பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மையைக் கைப்பற்றியது. பதவியிலிருந்த அக்கட்சியின் உறுப்பினர் ஒருவர்கூட அத்தேர்தலில் தோற்கவில்லை. எனினும் ஜார்ஜியா மாநிலத்தின் 12ஆம் தொகுதியில் மறுதேர்தலுக்கு நின்ற ஜான் பாரோ வெறும் 864 வாக்குகளில்தான் கரையேறினார். கட்சிக்கு ஆதரவாக அலை வீசிய ஆண்டில் அவர் நிலை இவ்வளவு நெருக்கடிக்கு உள்ளானதற்கு ஒரு காரணம் எளியது. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய தொகுதியின் எல்லைக்கோடு மாற்றி வரையப்பட்டிருந்தது.

பாரோ ஒரு வெள்ளையர், வழக்கறிஞர், ‘புளூ டாக்’ என்றழைக்கப்படும் மிதவாத ஜனநாயகக் கட்சியினர் குழுவைச் சேர்ந்தவர். 2005 முதல் 2015 வரையிலான பத்தாண்டுகளில் ஐந்து முறை வென்றார். அக்காலத்தில் அவருடைய தொகுதி இருமுறை மறுவரையறை செய்யப்பட்டது; இருமுறையும் அவர் குடியிருந்த ஊர் தொகுதிக்கு வெளியே தள்ளப்பட்டது; இருமுறையும் தொகுதியைத் தொடர்ந்து சென்று புதிய ஊரில் குடியேறினார். ஆறாவது தேர்தலில் தோற்றார்.

இக்கதையை ஒரு மனிதரின் அரசியல் சாதுரியக் கதையாகவே அமெரிக்க ஊடகங்கள் பெரும்பாலும் சொல்லின. நாம் அதை வேறொரு பக்கத்திலிருந்து படிக்க வேண்டியுள்ளது. பாரோவின் ஒவ்வொரு வெற்றிக்கும் அடித்தளமாக நின்றவர்கள் கறுப்பின வாக்காளர்கள். கோடு நகர்ந்த ஒவ்வொரு முறையும் அவர்களுடைய வாக்கின் எடை மாறியது. ஒடுக்கப்பட்ட மக்கள் வாக்குரிமை பெற்ற பின்னரும் அந்த வாக்கு செல்லாக்காசாகிவிடக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

கோடு வரையும் அதிகாரம்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள் உள்ளன. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் அவை மாநிலங்களுக்கிடையே பங்கிடப்படுகின்றன. தொகுதி எல்லைகளை வரைவது ஒன்றிய அளவிலான ஓர் ஆணையத்தின் பணியன்று. பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே எல்லையை வரைந்து சட்டமாக இயற்றுகிறது. ஆகவே சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற கட்சி தனக்கு ஏற்றவாறு தொகுதிகளை வடிவமைத்துக்கொள்ள முடியும். இப்பழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புதல் அளித்த தொகுதிகளுள் ஒன்று சாலமாண்டர் எனும் பல்லி போன்ற உயிரியை ஒத்திருந்ததால், இச்சூழ்ச்சிக்கு ‘ஜெரிமாண்டரிங்’ என்ற பெயர் நிலைத்தது.

இதில் இரண்டு உத்திகள் உண்டு. முதலாவது திணித்தல்: ஒரு சமூகத்தின் வாக்காளர்களை ஒரே தொகுதிக்குள் மிகையாகக் குவித்து, அக்கம்பக்கத் தொகுதிகளில் அவர்களுடைய செல்வாக்கை இல்லாமல் ஆக்குவது. இரண்டாவது சிதறடித்தல்: ஒரே இடத்தில் வாழும் மக்களைப் பல தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, எங்கும் அவர்கள் முடிவைத் தீர்மானிக்க இயலாதவாறு செய்வது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள்மீது இவ்விரு உத்திகளும் மாறிமாறிப் பயன்படுத்தப்பட்டன.

இதற்கு எதிரான தலையாய ஆயுதம் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம். அதன் பிரிவு 5, இனப்பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளையோ தொகுதி எல்லைகளையோ மாற்றுமுன் ஒன்றிய நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன் ஒப்புதல் பெற வேண்டுமென்றது. ஜார்ஜியா அப்பட்டியலில் இருந்தது. பிரிவு 2, சிறுபான்மையினரின் வாக்கு வலிமையைக் குன்றச்செய்யும் எந்த ஏற்பாட்டையும் எதிர்த்து வழக்குத் தொடுக்கும் உரிமையை நாடு முழுவதற்கும் வழங்கியது. பாரோவின் தொகுதியை இவ்விரு பிரிவுகளும் காப்பாற்றவில்லை. அது ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஒரு தொகுதியின் பிறப்பு

அடிமை உழைப்பில் பருத்தி விளைந்த நிலம் கிழக்கு ஜார்ஜியா. சவானா ஆற்றின் கரையில் மேற்புறம் அகஸ்டா நகரமும், கடல் சேருமிடத்தில் சவானா துறைமுகமும் உள்ளன. இரு நகரங்களிலும் அவற்றுக்கிடைப்பட்ட பல ஊரகக் கவுண்டிகளிலும் கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அங்கிருந்து அவர்கள் விரும்பும் ஒருவர் காங்கிரசுக்குச் செல்லத்தக்க தொகுதியை எவ்வாறு அமைப்பது என்ற கேள்வி 1990களிலிருந்தே நீதிமன்றங்களில் நின்றது.

1992இல் அட்லாண்டாவின் புறநகர் தொடங்கி சவானா வரை நீண்ட 11ஆம் தொகுதியிலிருந்து சிந்தியா மெக்கின்னி தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜார்ஜியாவிலிருந்து காங்கிரசுக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1995இல் ‘மில்லர் எதிர் ஜான்சன்’ வழக்கில், இனத்தையே முதன்மை அளவுகோலாகக் கொண்டு வரையப்பட்டது எனக் கூறி உச்ச நீதிமன்றம் அத்தொகுதியைச் செல்லாததாக்கியது. மெக்கின்னி அட்லாண்டா பகுதித் தொகுதியில் நின்று மீண்டும் வென்றார். ஆனால் அகஸ்டா, சவானா கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த தொகுதி மறைந்தது.

2001இல் சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. ஏதென்ஸ், அகஸ்டா, சவானா ஆகிய நகரங்களை இணைத்து அது புதிய 12ஆம் தொகுதியை வரைந்தது. கறுப்பின மக்கள் அதில் ஐந்தில் இரண்டு பங்கு அளவில் இருந்தனர், பெரும்பான்மை இல்லை. வெள்ளையரில் ஒரு பகுதியினரும் சேர்ந்து வாக்களித்தால் ஜனநாயகக் கட்சி வெல்லும் என்பது கணக்கு. ஆனால் 2002இல் அக்கட்சி நிறுத்திய கறுப்பின வேட்பாளர் சார்லஸ் வாக்கர் இளையவர், குடியரசுக் கட்சியின் மேக்ஸ் பர்ன்ஸிடம் தோற்றார். 2004இல் அதே பர்ன்ஸை ஏதென்ஸைச் சேர்ந்த வெள்ளையர் பாரோ வென்றார்.

அதற்குள் மாநில அரசியல் தலைகீழாகிவிட்டது. அடிமைமுறை ஒழிந்த பின் வந்த மறுகட்டமைப்புக் காலத்திற்குப் பிறகு முதன்முறையாக ஜார்ஜியா சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சியின் வசமாயின. கணக்கெடுப்புக்கு இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தபோதே, 2005இல் அக்கட்சி எல்லைகளை மீண்டும் வரைந்தது. பாரோவின் ஏதென்ஸ் 10ஆம் தொகுதிக்குப் போனது. பத்தாண்டின் நடுவில் மறுவரையறை செய்வதற்கு அரசமைப்பில் தடையில்லை என்பதை டெக்சாஸ் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. உறுப்பினர் தம் தொகுதிக்குள் குடியிருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசமைப்பு கோரவில்லை. மாநிலத்தில் குடியிருந்தால் போதும். எனினும் பாரோ சவானாவுக்குக் குடிபெயர்ந்தார். 864 வாக்கு வெற்றி அதற்குப் பின் வந்தது.

மிதவாதத்தின் கூட்டல் கணக்கு

மிதவாதம் என்பதை ஒருவரின் இயல்பாக, பண்பாக, கொள்கைத் தெளிவாகப் பேசுவது வழக்கம். பாரோவிடம் அப்பண்பு உண்மையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய தொகுதியின் எண்களைக் கூட்டிப் பார்த்தால் அந்த மிதவாதத்திற்கு வேறொரு விளக்கமும் கிடைக்கிறது.

வாக்களிப்போர் 100 பேர் எனக் கொள்வோம். அவர்களுள் 44 பேர் கறுப்பினத்தவர், அவர்களில் ஏறத்தாழ 42 பேர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். வெற்றிக்கு மேலும் 9 வாக்குகள் போதும். 56 வெள்ளையர்களுள் ஆறில் ஒருவர் வாக்களித்தால் கிடைத்துவிடும். இப்போது கோட்டை நகர்த்திக் கறுப்பினத்தவரை 34 பேராகக் குறைப்போம். அவர்களிடமிருந்து 32 வாக்குகள் வரும். மீதி 19 வாக்குகளை 66 வெள்ளையரிடமிருந்து பெற வேண்டும். அதாவது பத்தில் மூன்று பேர். 2008இல் வாக்குச்சாவடி வாயிலில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பின்படி ஜார்ஜியா வெள்ளையரில் 23 விழுக்காட்டினரே ஒபாமாவுக்கு வாக்களித்தனர். முதல் நிலையில் கட்சியின் வழக்கமான வெள்ளை ஆதரவே வேட்பாளரைக் கரைசேர்க்கும். இரண்டாம் நிலையில் எதிர்க்கட்சிக்கு வாக்களிக்கும் வெள்ளையரையும் அவர் தம் பக்கம் இழுத்தாக வேண்டும். அவர் எதைப் பேசுவார், எதைப் பேசாமல் விடுவார் என்பதை இந்த இடைவெளியே தீர்மானிக்கிறது.

இக்கணக்கில் மறைந்திருக்கும் அநீதி இதுதான். 42 வாக்கு தரும் மக்களிடம் வேட்பாளர் எதையும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் போக வேறிடமில்லை என்று அவருக்குத் தெரியும். 9 வாக்கு தரக்கூடியவர்களிடமே அவர் கைகட்டி நிற்பார். அடித்தளமாக இருப்பவர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டவர். விளிம்பில் இருப்பவரே பேரம் பேசுகிறார்.

உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. 2009 நவம்பரில் சபையின் முதல் முன்வரைவுக்கு எதிராகப் பாரோ வாக்களித்தார். 2010 மார்ச் 21 அன்று 219க்கு 212 என்ற கணக்கில் நிறைவேறிய இறுதிச் சட்டத்தை எதிர்த்த 34 ஜனநாயகக் கட்சியினருள் அவரும் ஒருவர். காப்பீடு இல்லாத ஏழை மக்கள் நிறைந்த தொகுதியின் உறுப்பினர், அவர்களுக்குக் காப்பீட்டை விரிவாக்கும் சட்டத்தை எதிர்த்தார். நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. 2009இன் பொருளாதார மீட்புச் சட்டத்திற்கு அவர் ஆதரவளித்தார். காப்பீட்டுச் சட்டத்தை முற்றாக நீக்கக் குடியரசுக் கட்சி 2011இலும் 2012இலும் கொண்டுவந்த முயற்சிகளுக்கு அவர் உடன்படவில்லை. வாக்குரிமைச் சட்டத்தை 2006இல் நீட்டித்தபோது அதை எதிர்த்த 33 பேரும் குடியரசுக் கட்சியினரே.

இந்நிலையை எதிர்த்துக் குரலெழுப்பியவர் சவானாவைச் சேர்ந்த ரெஜினா தாமஸ். மாநில செனட்டராக இருந்த கறுப்பினப் பெண். 2008இல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பாரோவை எதிர்த்து நின்றார். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் வேட்பாளராக உயர்ந்துகொண்டிருந்த பராக் ஒபாமா, பாரோவை ஆதரித்து வானொலி விளம்பரத்தில் பேசினார். தாமஸ் பெரும் வேறுபாட்டில் தோற்றார். 2010இல், காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்த பாரோவின் வாக்கை முன்வைத்து மீண்டும் நின்றார்; பத்தில் நான்குக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். வெற்றி கிட்டவில்லை.

அன்று 12ஆம் தொகுதியின் கறுப்பின வாக்காளர் முன் நின்ற தெரிவை நாம் எளிதாகத் தீர்ப்புக்கு உட்படுத்திவிட முடியாது. தம்மவர் ஒருவரை வேட்பாளராக்கினால் பொதுத்தேர்தலில் வெள்ளையர் வாக்கு கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. 2002ஆம் ஆண்டு தோல்வி நினைவிலிருந்தது. மிதவாதியை ஏற்றுக்கொண்டால் இடம் கட்சியின் கையில் நிற்கும். ஆனால் உயிர்நாடியான ஒரு வாக்கெடுப்பில் அவர் எதிர்ப்பக்கம் நிற்பார். இரண்டுமே இழப்பாக இருந்த தெரிவு அது. அத்தெரிவை அவர்கள்மீது சுமத்தியதில் எல்லைக்கோட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

2011: சவானா வெட்டப்பட்டது

2010 கணக்கெடுப்பில் ஜார்ஜியாவின் இடங்கள் 13இலிருந்து 14ஆக உயர்ந்தன. 2011 ஆகஸ்டில் கூடிய சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் புதிய எல்லைகளை வரைந்தது. 12ஆம் தொகுதியிலிருந்து சவானா முழுவதுமாக நீக்கப்பட்டு, குடியரசுக் கட்சியின் ஜாக் கிங்ஸ்டன் வைத்திருந்த 1ஆம் தொகுதியுடன் சேர்க்கப்பட்டது. அகஸ்டாவின் புறநகரான கொலம்பியா கவுண்டியின் ஒரு பகுதியும், வெள்ளையர் பெரும்பான்மையான ஊரகக் கவுண்டிகளும் 12இல் இணைக்கப்பட்டன. கறுப்பின மக்களின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. 2008இல் ஒபாமா முன்னிலை பெற்ற தொகுதி, 2012இல் மிட் ராம்னிக்கு 55 விழுக்காடு தந்தது.

பாரோ சவானாவிலிருந்து அகஸ்டாவுக்குக் குடிபெயர்ந்தார். சவானாவின் கறுப்பின வாக்காளர்களோ எங்கும் குடிபெயரவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தம் வாக்கால் முடிவை மாற்றக்கூடிய தொகுதியிலிருந்து, மாற்ற இயலாத தொகுதிக்கு ஒரு சட்டம் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதை ஏன் சட்டம் தடுக்கவில்லை? 2009இல் வட கரோலினாவிலிருந்து வந்த ‘பார்ட்லெட் எதிர் ஸ்டிரிக்லாண்ட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பை வகுத்தது. வாக்களிக்கும் வயதினரில் சிறுபான்மையினர் பாதிக்கும் மேல் இருக்கத்தக்க தொகுதியை மட்டுமே பிரிவு 2இன்கீழ் கோர முடியும். பிற இனத்தவரில் சிலரின் துணையோடு வெல்லக்கூடிய தொகுதிக்கு அப்பாதுகாப்பு இல்லை என்றது. 12ஆம் தொகுதி துல்லியமாக அவ்வகைப்பட்டது. ஐம்பது விழுக்காட்டைத் தொடாததால் அது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரிவு 5இன்கீழ் செய்த ஆய்விலும் தடை எழவில்லை. 2011 டிசம்பரில் ஒன்றிய நீதித்துறை புதிய எல்லைகளுக்கு முன் ஒப்புதல் அளித்தது. அத்துறையின் தலைவர், அமெரிக்காவின் முதல் கறுப்பின அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர்.

ஒப்புதலுக்கு ஒரு காரணம் எண்ணிக்கையில் இருந்தது. புதிய வரைவில் 2, 4, 5, 13 ஆகிய நான்கு தொகுதிகளில் கறுப்பின உறுப்பினர்கள் வெல்வது உறுதியாயிற்று. சான்ஃபோர்ட் பிஷப்பின் 2ஆம் தொகுதி கறுப்பினப் பெரும்பான்மையாகவே ஆக்கப்பட்டது. மாநில மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 30.5 விழுக்காடு; 14 இடங்களில் 4 என்பது அதற்கு நெருக்கமானது. தலைகளை மட்டும் எண்ணினால் அநீதி புலப்படாது. அந்த நான்கு தொகுதிகளுக்கு வெளியே வாழும் இலட்சக்கணக்கான கறுப்பின மக்களின் வாக்கு என்னவாயிற்று என்று கேட்டால்தான் புலப்படும்.

கைத்துப்பாக்கியும் கண்டனத் தீர்மானமும்

2012 தேர்தலில் பாரோ வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரம் நாடெங்கும் பேசப்பட்டது. அதில் அவர் ஒரு பழைய கைத்துப்பாக்கியைக் கையிலேந்தி, கும்பல் படுகொலை ஒன்றைத் தடுக்கத் தம் பாட்டனார் பயன்படுத்திய துப்பாக்கி அது என்கிறார். அடுத்துத் தந்தையின் நீள்துப்பாக்கியைக் காட்டுகிறார். துப்பாக்கி உரிமைக்குத் தாம் காவலன் என்பதே விளம்பரத்தின் செய்தி.

கும்பல் படுகொலைகளின் எண்ணிக்கையில் மிசிசிப்பிக்கு அடுத்த நிலையில் வைக்கப்படும் மாநிலம் ஜார்ஜியா. அம்மண்ணில் அப்பாட்டனாரின் செயல் மதிக்கத்தக்கது. ஆனால் அந்நினைவு எதற்காக எடுத்தாளப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உயிர் தப்பிய கறுப்பினத்தவரின் பெயரோ முகமோ விளம்பரத்தில் இல்லை. கறுப்பின மக்கள்மீது நடந்த வன்முறையின் வரலாறு, வெள்ளைத் துப்பாக்கி உரிமையாளர்களின் நம்பிக்கையைப் பெறும் சான்றாக மாற்றப்பட்டது. பத்தில் மூன்று வெள்ளையர் வாக்கு தேவைப்படும் தொகுதியின் மொழி அது.

அதே ஆண்டு ஜூன் 28 அன்று, துப்பாக்கிக் கடத்தல் விசாரணை தொடர்பான ஆவணங்களைத் தர மறுத்ததாகக் கூறி எரிக் ஹோல்டர்மீது அவமதிப்புத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. கறுப்பின உறுப்பினர் குழுவினர் முன்னின்று வெளிநடப்புச் செய்தனர். தேசிய ரைஃபிள் சங்கம் அவ்வாக்கெடுப்பைத் தன் மதிப்பெண் பட்டியலில் சேர்க்கப்போவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தது. தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்த 17 ஜனநாயகக் கட்சியினருள் பாரோவும் இருந்தார்.

நவம்பரில் குடியரசுக் கட்சியின் லீ ஆண்டர்சனை ஏறத்தாழ 54 விழுக்காடு பெற்று வென்றார். ராம்னிக்கு 55 தந்த அதே வாக்காளர்கள் இவருக்கும் வெற்றி தந்தனர். உத்தி வேலை செய்தது. ஒரே ஒரு முறை. 2014இல், குடியரசுத் தலைவர் தேர்தல் இல்லாத இடைத்தவணை ஆண்டில், அகஸ்டாவைச் சேர்ந்த தொழிலதிபர் ரிக் ஆலன் ஏறத்தாழ 55 விழுக்காடு பெற்று அவரைத் தோற்கடித்தார்.

ஆழ்தெற்கு எனப்படும் தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா ஆகிய ஐந்து மாநிலங்களிலிருந்து சபையில் இருந்த கடைசி வெள்ளை ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பாரோ. 2015 தொடங்கியபோது அம்மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் அனைவரும் கறுப்பினத்தவர். குடியரசுக் கட்சியினரோ அநேகமாக முழுவதும் வெள்ளையர். கட்சிக்கோடு இனக்கோடாகவே மாறிவிட்டது. மெக்கின்னியையும் பிஷப்பையும் ஜான் லூயிசையும் போன்றோர் சபைக்குச் சென்றது போராடிப் பெற்ற வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் சில தொகுதிகளில் திணித்தும் பிற தொகுதிகளில் சிதறடித்தும் வரையப்பட்ட எல்லைகள், அவ்வெற்றியை நான்கு சுவர்களுக்குள் அடைத்துவிட்டன. பாரோ 2018இல் மாநிலச் செயலர் பதவிக்கு நின்று பிராட் ராஃபென்ஸ்பெர்கரிடம் தோற்றார்.

பின்னர் சட்டம் மேலும் சுருங்கியது. 2013இல் ‘ஷெல்பி கவுண்டி எதிர் ஹோல்டர்’ தீர்ப்பு, எந்த மாநிலங்கள் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்ற அளவுகோலைச் செல்லாததாக்கியதால் பிரிவு 5 செயலிழந்தது. 2019இல் ‘ருச்சோ எதிர் காமன் காஸ்’ தீர்ப்பு, கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவதை ஒன்றிய நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்றது. கறுப்பினத்தவரின் வாக்கும் ஜனநாயகக் கட்சியின் வாக்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்ட மாநிலத்தில், ‘இனத்தைப் பார்த்து வெட்டவில்லை, கட்சியைப் பார்த்தே வெட்டினோம்’ என்று சொல்லித் தப்பிக்க வழி பிறந்தது.

நமக்கு இதில் என்ன?

கறுப்பினப் போராட்டத்தைக் கற்பது நம் இயக்கத்திற்குப் புதிதன்று. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட மனுவின் படியைக் கேட்டார். டு பாய்ஸும் பதில் எழுதினார். அந்த டு பாய்ஸ் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தது இதே ஜார்ஜியாவின் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில்.

இரு நாடுகளின் அமைப்பும் ஒன்றல்ல. நம்மிடம் தனித்தொகுதிகள் உள்ளன. எல்லையை வரைவது சட்டமன்றமன்று, தொகுதி மறுவரையறை ஆணையம். ஆயினும் கேள்வி ஒன்றே. 1932இன் பூனா ஒப்பந்தம் பட்டியல் சாதியினருக்கு 148 இடங்களைத் தந்தது. வகுப்புவாரித் தீர்ப்பு தந்திருந்த 71ஐவிட அது இருமடங்குக்கும் மேல். ஆனால் அவ்விடங்களுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கூட்டுத் தொகுதியின் அனைத்து வாக்காளருக்கும் போயிற்று. தனித்தொகுதிகளிலும் பெரும்பாலும் தலித்துகள் சிறுபான்மையே. எனவே அங்கு நிற்கும் தலித் வேட்பாளரும் பாரோவின் கணக்கையே போட வேண்டியுள்ளது: தம் மக்களின் வாக்கு உறுதி, பிறருடைய வாக்கே வெற்றி. வன்கொடுமை நிகழும்போது அவர் காக்கும் மௌனத்தைத் தனிமனிதக் கோழைமை என்று மட்டும் ஏசிவிட்டுக் கடந்துபோவது போதாது.

எல்லை நகர்ந்தால் உறுப்பினரும் நகர்வதை நாமும் கண்டிருக்கிறோம். 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் பெரம்பலூர், பொள்ளாச்சி, ஸ்ரீபெரும்புதூர் ஆகியவை பொதுத் தொகுதிகளாயின; ராசிபுரம் மறைந்தது. நீலகிரியும் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் விழுப்புரமும் தனித்தொகுதிகளாயின. பெரம்பலூரில் வென்றுவந்த ஆ. இராசா 2009இல் நீலகிரிக்குச் சென்றார். தமிழ்நாட்டின் தனித்தொகுதிகள் முன்பும் 7, பின்பும் 7. எண்ணிக்கை மாறவில்லை. எந்த ஊர் மக்கள் எந்த எல்லைக்குள் வந்தனர் என்பதே மாறியது. அதைக் குறித்து நம் அமைப்புகள் ஊர்வாரியாக விவாதித்தது மிகக் குறைவு.

அரசமைப்பின் 329ஆம் பிரிவு மறுவரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தின் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்குகிறது. ஆணையத்தின் ஆணைகளுக்கும் அப்பாதுகாப்பு உண்டென 1966இல் மேகராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே ஆணை வெளியான பின் வழக்கு மன்றத்தை நம்பியிருப்பது பெரும்பாலும் காலங்கடந்த செயல். வரைவு நிலையிலேயே தலையிட வேண்டும். 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்கான இடத்தைத் தருகிறது. வரைவு முன்மொழிவுகளை ஆணையம் வெளியிட வேண்டும். ஆட்சேபணைகளைப் பெற வேண்டும். பொது அமர்வுகளை நடத்த வேண்டும். பட்டியல் சாதியினருக்கான தொகுதிகள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக, இயன்றவரை அவர்களுடைய விகிதம் ஒப்பளவில் மிகுந்த இடங்களில் அமைய வேண்டும் என்பதும் அப்பிரிவின் கட்டளை.

மக்களவை இடப்பங்கீட்டை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்புவரை ஒத்திவைத்தது 2001இன் 84ஆவது திருத்தம். தென்மாநிலங்கள் எத்தனை இடம் இழக்கும் என்ற விவாதமே இங்கு உரக்கக் கேட்கிறது. அது தேவையான விவாதம். அதன் நிழலில் மற்றொரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடக் கூடாது: மாநிலத்திற்குள் கோடு எங்கே விழும்? சேரிகள் நெருங்கிய ஒன்றியங்களை அது இணைக்குமா, இரண்டாகப் பிளக்குமா?

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இப்போதே தொடங்கக்கூடிய பணி உள்ளது. தம் வட்டத்தின் பட்டியல் சாதி மக்கள்தொகையை ஊர்வாரியாகத் தொகுத்து, தற்போதைய சட்டமன்ற, மக்களவை எல்லைகளின்மேல் வரைந்து வையுங்கள். ஆணையத்தின் வரைவு வெளியாகும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். சவானாவின் மக்கள் தம் வாக்கை இழந்தது வாக்குச்சாவடியில் அன்று. அதற்கு ஓராண்டுக்கு முன், சட்டமன்றத்தின் மேசைமேல் விரிந்திருந்த ஒரு வரைபடத்தில்.